இலேசான தனிமங்களின் தோற்றம்: மாற்று அண்டவியலாரின் வழக்கு



தமிழில் வாத நூல்களுக்கென்று நெடிய மரபொன்று உண்டு. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக அமைந்தது. பிறர் கொள்கையை முதலில் கூறி, அதனை ஆராய்ந்து, அதன் பின்னரே தன் கொள்கையை நாட்டுவது அந்நூலின் முறை. மணிமேகலை வஞ்சி நகரிலே அளவைவாதி முதலாகப் பல சமயத்தார் சொல்லையும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்ட பிறகே தன் வழியைத் தேர்கிறாள். மாற்றான் தன் வழக்கை எத்துணை வலிமையாகச் சொல்லக்கூடுமோ அத்துணை வலிமையாகச் சொல்லவிட்டு, அதன் பின்னர் மறுப்பதே அறிவுக்கு அழகு என்பது இம்மரபின் உயிர்க்கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் அறிவியலில் இம்முறைப்படி ஆராயத்தக்க வழக்கொன்று நடந்தது. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் முதலிய இலேசான தனிமங்கள் எங்கே பிறந்தன என்பதே அவ்வழக்கு. பெருவெடிப்புக் கொள்கையை ஏற்றோர் ஒரு விடை கூறினர். ஏற்காதோர் வேறு விடைகள் கூறினர். ஏற்காதோரின் விடைகளே இவ்வுரையின் பொருள். அவை எவ்விடத்தில் வென்றன, எவ்விடத்தில் தோற்றன, எவ்விடத்தில் இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கின்றன என்று காண்பது இதன் நோக்கம்.

வழக்குப் பொருள்

1868ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் இந்தியாவின் மீது முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலார் ழூல் ழான்சன் கருவியமைத்துப் பார்த்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த நார்மன் போக்சன் பார்த்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் நிறமாலையில் மஞ்சள் நிறக் கோடொன்று தோன்றிற்று. அது மண்ணுலகில் அறியப்பட்ட எத்தனிமத்திற்கும் உரியதன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் அதே கோட்டினை ஆராய்ந்தார். கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அத்தனிமம் ஹீலியம் எனப் பெயர் பெற்றது. 1895இல் வில்லியம் ராம்சே அதனை ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தார். மண்ணில் காணுமுன் விண்ணில் காணப்பட்ட தனிமம் அது.

1925இல் செசிலியா பெய்ன் என்னும் இளம் ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கணக்கிட்டுக் காட்டினார். அக்காலப் பேரறிஞர் ஹென்றி நாரிஸ் ரசல் அதனை ஏற்கவில்லை. அவருடைய அறிவுரைப்படி, அம்முடிவு உண்மையாக இருத்தல் அரிது என்று தம் ஏட்டிலேயே எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1929இல், ரசலே அம்முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

இன்று அறியப்பட்ட கணக்கு இது: அண்டத்தின் அணுப்பொருளில் எடையளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், ஏறத்தாழ கால் பங்கு ஹீலியம். நம் மண்ணும் பொன்னும் மூச்சுக்காற்றும் ஆன மற்றவையனைத்தும் சேர்ந்து நூற்றில் ஒன்றிரண்டு பங்கே. இவற்றோடு மிகமிகச் சிறிய அளவில் டியூட்டிரியம் எனப்படும் கன ஹைட்ரஜன், ஹீலியம்-3, லித்தியம், பெரிலியம், போரான் ஆகியனவும் உள. வழக்கின் முடிவு பெரும்பாலும் இச்சிறியவற்றின் சாட்சியத்தையே சார்ந்திருந்தது என்பது பின்னர் விளங்கும்.

இரு கொள்கைகள்

தனிமங்கள் அனைத்தும் ஓரிடத்தில், ஒரு வெப்பநிலையில் உருவாயின எனக் கொள்ளலாமா என்ற கேள்வியைச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சிகாகோவில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர், லூயி ஹென்ரிச்சுடன் சேர்ந்து 1942இல் ஆராய்ந்தார். எந்த ஒரு வெப்பநிலையும் எந்த ஓர் அடர்த்தியும் எல்லாத் தனிமங்களின் அளவையும் விளக்கப் போதவில்லை என்பது அவர்கள் கண்டது. எனவே தனிமங்களின் பிறப்பில் காலமும் மாற்றமும் இடம்பெற வேண்டும் என்று ஆயிற்று.

1948ஆம் ஆண்டு இவ்வினாவிற்கு இரண்டு எதிரெதிர் விடைகளைத் தந்தது. ஜார்ஜ் காமோவும் அவர் மாணவர் ரால்ஃப் ஆல்ஃபரும், அண்டத்தின் வெப்பமிக்க தொடக்கத்தில் நியூட்ரான்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து எல்லாத் தனிமங்களும் பிறந்தன என்றனர். ஆல்ஃபர், பேத்தே, காமோவ் என்ற பெயர்கள் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் மூன்றெழுத்துகளை ஒத்து ஒலிக்க வேண்டுமென்றே, ஆய்வில் பங்கில்லாத ஹான்ஸ் பேத்தேயின் பெயரையும் காமோவ் சேர்த்தார். சொல் விளையாட்டில் விருப்பமுடைய அவர்கள், அம்முதற்பொருளுக்கு அகராதியிலிருந்து தேடியெடுத்த ‘யிலெம்’ என்னும் வழக்கிறந்த சொல்லையே சூட்டினர்.

அதே ஆண்டில் ஃபிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகியோர் நிலைமாறா அண்டக் கொள்கையை முன்வைத்தனர். அண்டம் விரிகிறது, ஆயினும் அதற்குத் தொடக்கமில்லை. விரிவினால் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பப் புதிய பொருள் ஓயாது பிறந்துகொண்டேயிருக்கிறது. ஒரு கன மீட்டர் வெளியில் நூறு கோடி ஆண்டுகளுக்கு ஓர் அணு என்ற அளவே அதற்குப் போதும். எதிர்க்கொள்கைக்குப் ‘பெருவெடிப்பு’ என்ற பெயரை 1949இல் பிபிசி வானொலி உரையில் வழங்கியவரும் ஹாயிலே. மறுக்க வந்தவர் இட்ட பெயரே கொள்கைக்கு நிலைத்த பெயராயிற்று.

காமோவின் வழியில் இரண்டு தடைகள் குறுக்கிட்டன. ஐந்து துகள்களைக் கொண்ட அணுக்கருவும் எட்டுத் துகள்களைக் கொண்ட அணுக்கருவும் இயற்கையில் நிலைப்பதில்லை. படிக்கட்டில் ஐந்தாம் படியும் எட்டாம் படியும் இல்லையெனில் மேலே ஏறுவது எங்ஙனம்? விரைந்து குளிரும் தொடக்க அண்டத்தில் அவற்றைத் தாண்டப் பொழுதில்லை. எனவே ஹீலியத்திற்கும் சிறிதளவு லித்தியத்திற்கும் அப்பால் பெருவெடிப்பு செல்ல இயலாது.

விண்மீன்களுக்கோ பொழுது உண்டு. மூன்று ஹீலியம் கருக்கள் ஒருங்கே கூடிக் கார்பன் ஆகலாம். ஆனால் அது போதிய அளவில் நிகழ, கார்பன் கருவில் குறிப்பிட்டதோர் ஆற்றல்நிலை இருந்தே தீரவேண்டும் என்று ஹாயில் 1953இல் முன்கூட்டியே கூறினார். கலிஃபோர்னியாவில் சோதித்தனர், அவர் சொன்ன இடத்திலேயே அது இருந்தது. 1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர், ஹாயில் ஆகிய நால்வரும் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருங்கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அதன் முகப்பில், விண்மீன்கள் மனித வாழ்வை ஆள்வது பற்றிய முரண்பட்ட இரு கூற்றுகளை ஷேக்ஸ்பியரின் இரு நாடகங்களிலிருந்து எடுத்துப் பொறித்திருந்தனர். கார்பன் முதல் யுரேனியம் வரை ஏறத்தாழ எல்லாத் தனிமங்களுக்கும் விண்மீன்களே பிறப்பிடம் என அது நிறுவிற்று. முதலாசிரியரான மார்கரெட் பர்பிட்ஜ், மவுண்ட் வில்சனின் பெரிய தொலைநோக்கியில் பெண்களுக்கு இடமளிக்கப்படாத அக்காலத்தில், கணவர் பெயரில் அனுமதி பெற்று அவருடைய உதவியாளராக நின்று நோக்கியவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆயினும் அப்பெருங்கட்டுரையில் ஓரிடம் நிரப்பப்படாமல் நின்றது. டியூட்டிரியம், லித்தியம், பெரிலியம், போரான் ஆகியன விண்மீனின் உள்வெப்பத்தில் பிறப்பதில்லை, பிறந்தவையும் அழிகின்றன. அவை பிறந்த முறைக்கு நால்வரும் ‘எக்ஸ்’ என்ற எழுத்தையே பெயராக இட்டனர். தெரியாததைத் தெரியாததென்று எழுதிவைத்த நேர்மை அது. அடுத்த நாற்பதாண்டு வாதம் அவ்வோர் எழுத்தின் பொருளைத் தேடியதே ஆகும்.

முதல் விடை: பெருவிண்மீன்கள்

ஹீலியம் விண்மீன்களில் பிறப்பது உண்மையே. கதிரவன் ஒளிர்வது அதனால்தான். ஆனால் கால் பங்கு ஹீலியம் என்பது மிகப் பெரிய அளவு. நமது விண்மீன் மண்டலம் தன் வாழ்நாள் முழுதும் இன்றைய அளவிலேயே ஒளிர்ந்திருந்தாலும், அதனால் பிறந்திருக்கக்கூடிய ஹீலியம் நூற்றுக்குச் சில பங்குகளே ஆகும். மிச்சம் எங்கிருந்து வந்தது?

இக்கேள்வியை 1964இல் கூர்மையாக எழுப்பியவர்கள் ஹாயிலும் ரோஜர் டெய்லருமே. அவர்கள் இரு விடைகளை முன்வைத்தனர். ஒன்று, அண்டம் ஒருகாலத்தில் மிகுவெப்ப நிலையில் இருந்திருத்தல் வேண்டும்; அன்றேல், கதிரவனைப் போல் பல்லாயிரம் மடங்கும் அதனினும் மிக்கதுமான பொருண்மையுடைய பெருவிண்மீன்கள் தோன்றி, ஹீலியத்தை ஆக்கி, வெடித்துப் பரப்பியிருத்தல் வேண்டும். முதல் விடை தம் சொந்தக் கொள்கைக்கே கேடு என்பதை ஹாயில் அறிவார். அறிந்தும் அதனை மறைக்காமல் எழுதினார். மறு ஆண்டே, 1965இல், ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் வானின் எத்திசையிலிருந்தும் ஒரேயளவாக வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்தனர். மிகுவெப்பத் தொடக்கத்தின் எச்சம் அதுவே எனப் பெரும்பாலோர் கொண்டனர். 1967இல் ராபர்ட் வாகனர், ஃபவுலர், ஹாயில் மூவரும் அத்தகைய தொடக்கத்தில் டியூட்டிரியம், ஹீலியம்-3, ஹீலியம்-4, லித்தியம்-7 எவ்வளவு பிறக்கும் என்பதை விரிவாகக் கணக்கிட்டனர். பெருவெடிப்பின் மிக உறுதியான சான்றுகளுள் ஒன்றைக் கட்டி எழுப்பிய கைகளுள் அதனை ஏற்காதவர் கையும் ஒன்று.

அக்கணக்கின் சாரம் எளிது. தொடக்கத்தில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஏறத்தாழச் சமம். குளிரக் குளிர நியூட்ரான்கள் குறைகின்றன. சில நிமிடங்கள் கடந்து கருக்கள் நிலைக்கும் வெப்பநிலை வரும்போது ஏழு புரோட்டான்களுக்கு ஒரு நியூட்ரான் என்ற விகிதம் எஞ்சுகிறது. அதாவது பதினான்கு புரோட்டான்களுக்கு இரண்டு நியூட்ரான்கள். அவ்விரண்டும் இரு புரோட்டான்களோடு சேர்ந்து ஒரு ஹீலியம் கருவாகின்றன. மொத்தம் பதினாறு துகள்களில் நான்கு ஹீலியத்தில் அடங்கின. அதுவே கால் பங்கு.

பெருவிண்மீன் வாதத்திற்கு ஒரு சோதனை உண்டு. விண்மீன்கள் ஹீலியத்தை மட்டும் ஆக்குவதில்லை. கார்பனையும் ஆக்சிஜனையும் உடன் ஆக்குகின்றன. எனவே ஆக்சிஜன் மிகக் குறைந்த மண்டலங்களில் ஹீலியமும் குறைந்திருத்தல் வேண்டும். ஸ்விக்கியின் பட்டியலில் முதல் தொகுதியின் 18ஆம் எண்ணுடைய சிறு மண்டலத்தில் ஆக்சிஜன் கதிரவனில் உள்ளதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. ஹீலியமோ அங்கும் கால் பங்கிற்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். ஆக்சிஜன் இல்லாத நிலையை நோக்கிக் கணக்கை நீட்டினாலும் ஹீலியம் நூற்றுக்கு 24 என்ற அளவிற்குக் கீழே இறங்குவதில்லை. விண்மீன்கள் பிறக்குமுன்னரே போடப்பட்ட அடித்தளம் ஒன்று இருப்பதாகவே இது காட்டுகிறது.

இரண்டாம் விடை: அண்டக்கதிர்கள்

மாற்று வழியில் தேடியோர் பெற்ற முழு வெற்றி இது. விண்மீன்களுக்கிடையே ஒளியின் வேகத்தை அணுகி ஓடும் அண்டக்கதிர்கள், வழியில் மிதக்கும் கார்பன், ஆக்சிஜன் கருக்களில் மோதி அவற்றைச் சிதறடிக்கின்றன. உடைந்த துண்டுகளே லித்தியம், பெரிலியம், போரான். 1970இல் ஹ்யூபர்ட் ரீவ்ஸ், ஃபவுலர், ஹாயில் மூவரும் இதனை எடுத்துரைத்தனர். அண்டக்கதிர்களில் இம்மூன்று தனிமங்களும் பிற இடங்களைவிடப் பன்மடங்கு மிகுந்து காணப்படுதல் இதற்குச் சான்று. பெரிலியத்திற்கும் போரானின் பெரும்பகுதிக்கும் இன்று அனைவரும் ஏற்கும் விடை இதுவே. ‘எக்ஸ்’ என்ற எழுத்தின் ஒரு பாதி இவ்வாறு விடுபட்டது. மற்றவற்றை ஆக்கிக் கட்டும் இயற்கை, இவற்றை மட்டும் உடைத்துப் பெறுகிறது.

இவ்வெற்றியே மாற்று அண்டவியலார் பலருக்கு ஊக்கமளித்தது. 1970இல் நோபல் பரிசு பெற்ற ஹானஸ் ஆல்ஃப்வென் வழிவந்த பிளாஸ்மா அண்டவியலில், எரிக் லெர்னர் இவ்விரு விடைகளையும் இணைத்தார். இளம் மண்டலங்களில் தோன்றிய நடுத்தர, பெரிய விண்மீன்கள் ஹீலியத்தை ஆக்கின. அவை ஏவிய அண்டக்கதிர்கள் டியூட்டிரியத்தையும் மற்றவற்றையும் ஆக்கின. பெருவெடிப்பு தேவையில்லை என்பது அவர் வாதம். ஆக்சிஜன் மிகாமைக்குக் காரணம், விண்மீன்கள் தம் மேற்படலங்களை மட்டுமே உதிர்த்தமை என்பார் அவர்.

இவ்வாதம் நிற்குமா விழுமா என்பது டியூட்டிரியத்தைப் பொறுத்தது.

டியூட்டிரியம் என்னும் சாட்சி

டியூட்டிரியம் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் தளர்வாகப் பிணைந்த கரு. விண்மீனின் உள்ளே முதலில் எரிந்து அழிவது அதுவே. எனவே விண்மீன்கள் தோன்றத் தோன்ற அண்டத்தில் அது குறையுமேயன்றிக் கூடாது. 1973இல் கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோளின் உதவியால், விண்மீன்களுக்கிடையேயுள்ள வாயுவில் இலட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை என்ற அளவில் அது இருப்பதாக அளந்தனர். விண்மீன்கள் அழித்தது போக எஞ்சியதே இவ்வளவெனின், தொடக்கத்தில் இதனினும் மிகுதியாக இருந்திருக்க வேண்டும்.

அதனை வேறெங்கேனும் ஆக்க முடியுமா என்று 1976இல் எப்ஸ்டைன், லாட்டிமர், ஷ்ராம் என்னும் மூவர் ஒவ்வொரு வாயிலாகத் தட்டிப் பார்த்தனர். அதிர்ச்சி அலைகள், வெடிக்கும் விண்மீன்கள், அண்டக்கதிர் மோதல்கள் எனப் பலவற்றையும் ஆராய்ந்தனர். மோதலால் தேவையான டியூட்டிரியத்தைப் பெற முயன்றால், உடன் பிறக்கும் லித்தியம் காணப்படும் அளவை மிகப் பெரிதும் விஞ்சிவிடுகிறது. வேறு வழிகள் இயற்கையில் நிகழ்வதற்கு அரிய நிலைமைகளைக் கேட்டன. பெருவெடிப்பின் முதல் நிமிடங்கள் தவிரப் பொருத்தமான உலைக்களம் வேறில்லை என்பது அவர்கள் முடிவு.

மேலும் ஒரு சிறப்பு டியூட்டிரியத்திற்கு உண்டு. தொடக்கத்தில் அணுப்பொருள் அடர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஹீலியமாக மாறி மறையும். ஐதாக இருந்தால் மிகுதியாக எஞ்சும். ஆகவே அது பொருளின் அடர்த்தியை அளக்கும் துலாக்கோல். தொலைவிலுள்ள குவேசார்களின் ஒளியை மறிக்கும் பழம்பெரும் வாயு மேகங்களில் அது அளக்கப்பட்டு, இலட்சத்திற்கு ஏறத்தாழ இரண்டரை எனத் தெளிவாயிற்று. 2003இல் டபிள்யூமேப் செயற்கைக்கோள், நுண்ணலைப் பின்னணியின் மெல்லிய ஏற்றத்தாழ்வுகளிலிருந்து முற்றிலும் வேறு வழியில் அதே அடர்த்தியைக் கண்டது. 2020இல் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலுள்ள ஆய்வுக்கூடத்தில், டியூட்டிரியம் புரோட்டானோடு சேர்ந்து எரியும் வேகம் முன்னிலும் நுட்பமாக அளக்கப்பட்டபோதும் ஒற்றுமை குலையவில்லை. சில நிமிடங்களின் வரலாறும், நான்கு இலட்சம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த பொழுதின் வரலாறும் ஒரே எண்ணைச் சொல்லுகின்றன.

மூன்றாம் விடை: ஹாயில், பர்பிட்ஜ், நார்லிகர்

இத்துணைச் சான்றுகள் குவிந்த பின்னரும் ஹாயில் ஓயவில்லை. 1993இல் அவரும் ஜெஃப்ரி பர்பிட்ஜும், கோலாப்பூரில் பிறந்து புனேயின் வானியல் மையத்தை உருவாக்கிய ஜயந்த் நார்லிகரும் சேர்ந்து, ஏறத்தாழ நிலைமாறா அண்டக் கொள்கையை வெளியிட்டனர். இதன்படி அண்டம் நெடுங்காலமாக மெல்ல விரிந்தபடியே, 4,000 முதல் 5,000 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை விம்மியும் ஒடுங்கியும் வருகிறது. ஒரு பெருவெடிப்பு இல்லை. பொருள் பிறக்கும் சிறுவெடிப்புகள் எண்ணிலடங்கா.

அவர்கள் காட்டிய முதல் வழி நுட்பமானது. சிறுவெடிப்பில் பிறப்பன பிளாங்கு துகள்கள். எடை ஒரு கிராமில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஆயுளோ கற்பனைக்கெட்டாத சிறு கணம். அவை சிதையும்போது எழும் தீக்கோளங்களில் புரோட்டான், நியூட்ரான் உட்பட எண்வகைத் துகள்கள் சமமாகப் பிறக்கின்றன. புரோட்டானும் நியூட்ரானும் உடனே கூடி ஹீலியமாகின்றன. ஏனைய ஆறும் தீக்கோளம் விரிந்து குளிர்ந்த பிறகே சிதைந்து, முடிவில் ஹைட்ரஜனாகின்றன. எட்டில் இரண்டு ஹீலியம். அதுவும் கால் பங்கே! இரு வேறு கணக்குகள் ஓர் எண்ணில் முடியும் இவ்விடம் எவரையும் சற்று நிறுத்தி வைக்கும்.

1998இல் பர்பிட்ஜும் ஹாயிலும் இதனினும் துணிந்த வழக்கொன்றை எழுதினர். அண்டத்தின் ஹீலியம் முழுவதுமே விண்மீன்களில் ஹைட்ரஜன் எரிந்து பிறந்தது எனக் கொள்வோம். ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது அதன் பொருண்மையில் ஆயிரத்தில் ஏழு பங்கு ஆற்றலாகிறது. இதுவரை பிறந்த ஹீலியம் முழுவதற்கும் உரிய ஆற்றலைக் கணக்கிட்டு, அதனை வெளியெங்கும் சமமாகப் பரப்பினால், வானின் வெப்பநிலை என்னவாக இருக்கும்? தனிச்சுழியிலிருந்து ஏறத்தாழ 2.7 பாகை என்று விடை வருகிறது. பென்சியாஸும் வில்சனும் கண்ட கதிர்வீச்சின் வெப்பநிலையும் அதுவே. ஹீலியத்தின் அளவும் பின்னணிக் கதிரின் வெப்பமும் இவ்வாறு பொருந்துவது பெருவெடிப்புக் கொள்கையில் தற்செயல். தங்கள் கொள்கையிலோ அது காரண காரியம் என்றனர் இருவரும். மாற்று அண்டவியலாரின் வாதங்களுள் இதுவே மிக வலியது எனலாம். டியூட்டிரியத்திற்கு விண்மீன்களின் மேற்பரப்பில் எழும் தீச்சீற்றங்களைக் காரணமாகக் கூறினர்.

மறுப்பும் வலியதே. விண்மீன் ஒளி அவ்வளவு சீரான வெப்பக் கதிராக மாற வேண்டுமெனில், வெளியெங்கும் நுண்ணிய இரும்பு ஊசிகள் மிதந்து அதனை உள்வாங்கி உமிழ வேண்டும். 1990இல் கோபே செயற்கைக்கோள் அளந்த நிறமாலை, கொள்கை கேட்கும் வளைகோட்டில் இம்மியும் பிசகாமல் அமைந்திருந்தது. அத்தகைய செம்மையைப் பல்வேறு காலத்து விண்மீன் ஒளியிலிருந்து பெறுவது எளிதன்று. தீச்சீற்றங்கள் ஆக்கும் டியூட்டிரியம் தேவையான அளவிற்கு எட்டுவதாக யாரும் காட்டவில்லை. எண்வகைத் துகள் கணக்கும் ஹீலியத்தை விளக்கும் அளவிற்கு டியூட்டிரியத்தை விளக்கிற்றில்லை. ஒற்றை எண் பொருந்துவது கவர்ச்சி. பல எண்கள் ஒரே காரணத்தால் பொருந்துவது சான்று. இவ்வேறுபாட்டில்தான் தீர்ப்பு அமைந்தது.

லித்தியம் தரும் தலைவலி

ஆயினும் வென்றவர் பக்கமும் ஒரு கடன் தீராமல் இருக்கிறது. 1982இல் ஸ்பைட் இணையர், மிகப் பழைய விண்மீன்களின் மேற்பரப்பில் லித்தியம் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதைக் கண்டனர். இரும்பு மிகக் குறைந்த விண்மீன்களிலும் அவ்வளவு மாறவில்லை. பெரிலியமோ அங்ஙனமன்று, இரும்பு குறையக் குறைய அதுவும் குறைகிறது. ஆகவே பெரிலியம் பின்னர்ப் பிறந்தது. லித்தியத்தின் ஒரு பகுதி முன்னரே இருந்தது. இதுவரை பெருவெடிப்பிற்கே வெற்றி. ஆனால் அளவு பொருந்தவில்லை. டியூட்டிரியம் சொல்லும் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் ஆயிரம் கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ ஐந்து லித்தியம் அணுக்கள் இருத்தல் வேண்டும். காணப்படுவது ஒன்றரையை ஒட்டியே. மூன்றில் ஒரு பங்கு!

எஞ்சியது விண்மீனின் உள்ளே அமிழ்ந்து அழிந்திருக்கலாம் என்பர் பலர். அங்ஙனமாயின் வெவ்வேறு விண்மீன்களில் அழிவு ஏன் ஒரே அளவாயிற்று என்ற வினா தொடர்கிறது. புதிய துகள்களைக் கற்பித்து விடை தேடுவோரும் உளர். மாற்று அண்டவியலார் இதனையே தங்கள் மேல்முறையீட்டின் முதற்காரணமாகக் காட்டுகின்றனர். ஆனால் ஒன்று கருதத்தக்கது. லித்தியத்தின் குறை பெருவெடிப்பின் கணக்கிற்கு இடர் தரலாம். அதனால் மட்டும் மாற்றுக் கொள்கை மெய்யாகிவிடாது. அம்மாற்றும் தன் லித்தியத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டியாதல் வேண்டும்.

முடிவுரை

1983இல் இயற்பியல் நோபல் பரிசைச் சந்திரசேகரும் ஃபவுலரும் பகிர்ந்துகொண்டனர். தனிமங்கள் விண்மீன்களில் பிறக்கும் என்ற பெருங்கருத்திற்கு முதல்வரான ஹாயிலுக்கு அதில் இடமில்லை. அவர் 2001இல் மறைந்தார். ஜெஃப்ரி பர்பிட்ஜ் 2010இலும், மார்கரெட் பர்பிட்ஜ் 2020இலும், நார்லிகர் 2025இலும் மறைந்தனர். அவர்களுடைய அண்டம் இன்று பெரும்பாலோரால் ஏற்கப்படவில்லை. ஆனால் கார்பன் பிறந்த கதை அவர்களுடையது. பெரிலியம் பிறந்த கதையும் அவர்களுடைய தேடலில் விளைந்தது. எதிர்க்கொள்கையின் ஹீலியக் கணக்கிலும் அவர்கள் கைரேகை உண்டு. தோற்ற கொள்கை ஒன்று இத்துணை மெய்களை ஈன்றுவிட்டுத் தோற்றிருக்கிறது. பரபக்கம் இல்லாமல் சுபக்கம் இவ்வளவு கூர்மை பெற்றிராது.

கவிஞர்களுக்கும் இவ்வழக்கில் ஒரு பங்கு உண்டு. மனிதர் விண்மீன் சாம்பலால் ஆனவர் என்று பாடுவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. எலும்பின் கால்சியத்திற்கும் குருதியின் இரும்பிற்கும் அது மெய். ஆனால் உடலின் அணுக்களை எண்ணிக்கையால் கணக்கிட்டால் பத்தில் ஆறு ஹைட்ரஜன். அது எந்த விண்மீனின் சாம்பலும் அன்று. எல்லா விண்மீன்களுக்கும் மூத்தது. ஹாயில் கொண்டது மெய்யாயின் அவற்றுள் சில, கதிரவனுக்குச் சற்று முன்னர் வெறுவெளியில் அரும்பியவையாக இருக்கலாம். பெருவெடிப்பு மெய்யாயின் அனைத்தும் ஒரே வயதின, ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. தண்ணீரின் வயது என்ன என்பதே இவ்வழக்கின் அடியிலிருந்த கேள்வி.

விடை சொல்லும் சாட்சியும் தண்ணீரிலேயே இருக்கிறது. கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டிரியம். எந்த விண்மீனும் அதனை ஆக்கி வெளியே அளித்ததாகத் தெரியவில்லை. பெரியவை அனைத்தும் இருபுறமும் சாட்சி சொன்ன வழக்கில், எளிதில் அழியக்கூடிய அச்சிறிய கரு அழியாமல் எஞ்சி நின்று ஒரு பக்கம் மட்டுமே சாட்சி சொன்னது. லித்தியத்தின் சாட்சியம் இன்னும் முடியவில்லை. அது முடியும் வரை மாற்றாரின் வாதத்தையும் செவிமடுத்திருப்பதே மணிமேகலை வஞ்சியில் காட்டிய வழி.